கைத்தட்டலுக்கு ஒரு பொத்தான்



போன ஞாயிற்றுக்கிழமை பேரன் செல்போனில் ஏதோ பாட்டு வைத்திருந்தான். அடியில் 'டூம்ம்' என்று நீண்டு அதிரும் ஒரு சத்தம். "இதுதான் தாத்தா 808" என்றான். "தெரியும்டா, அதை நான் கையால் தொட்டிருக்கிறேன்" என்றேன். நம்பவில்லை.

1986. ஆசிரியர் பயிற்சி முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் ஒருவர் மெல்லிசைக் குழு வைத்திருந்தார். சிங்கப்பூர் உறவினர் அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தது ரோலண்ட் டி.ஆர்-808. நாங்கள் 'ரிதம் பாக்ஸ்' என்போம். கீழே வரிசையாகப் பதினாறு பொத்தான்கள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று நிறத்துக்கு நான்கு. நாலு நாலு பதினாறு! வாய்ப்பாடு நடத்துகிறவனுக்குப் பிடிக்காமல் போகுமா? எந்த இடத்தில் அடி விழ வேண்டுமோ அந்தப் பொத்தானை அழுத்தினால் போதும், சுற்றிச் சுற்றி வாசிக்கும்.

உள்ளே எந்த மத்தளத்தின் ஒலிப்பதிவும் கிடையாது. எல்லாச் சத்தமும் மின்சுற்றிலேயே பிறப்பது. பெரிய டிரம்மின் அதிர்வை ஒரு குமிழைத் திருகி நீட்டலாம். மாட்டு மணிச் சத்தம் உண்டு, கைத்தட்டல்கூட உண்டு. 1980-ல் இதைக் கொண்டுவந்த ரோலண்டின் நிறுவனர் இகுதாரோ காகேஹாஷி, இளவயதில் கடிகாரம் பழுதுபார்த்தவர். சுமார் பன்னிரண்டாயிரம் பெட்டிகளோடு 1983-ல் உற்பத்தி நின்றது. பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர் 1982-லேயே இதை வைத்துப் பத்து ராகங்களைப் பதிவு செய்தார். அன்று அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு வருடாவருடம் டோலக் வாசிப்பவர் ஒரு மாணவியின் அப்பா. இரும்புலியூரிலிருந்து சைக்கிளில் வருவார். ஐம்பது ரூபாய் கொடுப்போம். அந்த வருடம் நான்தான், "பெட்டி இருக்கிறது சார், அந்தச் செலவு எதற்கு?" என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். நவீனமானவன் என்று பெயர் வாங்கும் ஆசை, வேறென்ன.

கோலாட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. நடுவில் ஒரு சிறுமியின் கோல் கைநழுவியது. குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் வரிசையே கலைந்துவிட்டது. டோலக்காரர் என்றால் பிள்ளைகளின் காலைப் பார்த்து வாசிப்பார். ஒருத்தி தவறினால் இரண்டு அடி கூட்டிப் போட்டுக் காத்திருப்பார். பெட்டி காத்திருக்கவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. பிள்ளைகள் அழத் தயாராக நின்றார்கள்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து மேடை ஓரம் வந்து பலமாகக் கை தட்டினார். அவரேதான். மகள் ஆடுவதைப் பார்க்க வந்தவர். நான் பெட்டியை நிறுத்தினேன். அவர் தட்டத் தட்டப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சேர்ந்து ஆடி முடித்தார்கள்.

அடுத்த வருடம் நானே போய் அழைத்தேன். "வரேன் சார்" என்றார், அவ்வளவுதான். ஏன் சென்ற வருடம் கூப்பிடவில்லை என்று அவர் கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை.

அந்த மகள் இங்கே என் நட்பு வட்டத்தில்தான் இருக்கிறாள். அம்மா, இதைப் படித்தால் தெரிந்துகொள்: உன் அப்பாவுக்கு உன் சார் ஐம்பது ரூபாயும் ஒரு மன்னிப்பும் பாக்கி.

அன்புடன்,
உங்கள் சார்