குறையைச் சொல்லி விற்றவர்



தென்காசி என்றதும் உங்கள் நினைவுக்கு முதலில் வருவது குற்றாலத்துச் சாரலாகத்தான் இருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து, மழையென்றும் பனியென்றும் பிரித்துச் சொல்ல முடியாத ஒரு மெல்லிய தூறலை இவ்வூரின் மீது தூவிச் செல்கிறது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என எங்கும் மக்கள் வெள்ளம். சென்ற ஆடி மாதத்தில் நானும் அங்கே சென்றிருந்தேன். அருவிக் குளியலுக்காக மட்டுமன்று. பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கி வருவதும் என் பயணத்தின் நோக்கமாக இருந்தது.

பாட்டுப் பெட்டியைத் தேடித் தென்காசிக்கா என்று நீங்கள் வியக்கலாம். காரணம் உண்டு. தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்களில் பலர் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு சென்று, தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறி வாழ்ந்தவர்கள். அங்கே 1941இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை நிறுவினார்கள். உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியையும் நடத்தினார்கள். 1970களுக்குப் பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் இவ்வூர்ப் பிள்ளைகள் சென்றனர். 1991ஆம் ஆண்டின் பொருளாதார மாற்றங்களுக்கு முன்னர் வெளிநாட்டு ஒலிக் கருவிகள் நம் நாட்டுக் கடைகளில் எளிதில் கிடைத்ததில்லை. ஊர் திரும்பும் சபுராளிகளின் பெட்டிகளோடுதான் சான்சுயியும் அக்காயும் மராண்ட்ஸும் இங்கு வந்து சேர்ந்தன. நாகூர் ஹனிஃபாவின் பாடல்களும் கிராஅத் ஒலிநாடாக்களும் அவற்றில் ஒலித்த காலம் ஒன்று இருந்தது. இன்று அக்கருவிகள் பரணில் உறங்குகின்றன. நல்ல ஒலியை நாடும் அன்பர்களோ அவற்றைத் தேடி அலைகிறார்கள்.

நான் முன்பு ஒருமுறை பெருநகரக் கடை ஒன்றில் ஏமாந்தவன். பளபளவென்று துடைத்து வைத்திருந்த கருவியைக் கடைக்காரர் ஐந்து நிமிடம் பாடவிட்டுக் காட்டினார். பெயரை மட்டும் நம்பி வாங்கி வந்தேன். வீட்டில் அரைமணி நேரம் சூடேறியதும் ஒரு பக்கம் மௌனமாயிற்று. திறந்து பார்த்தபோது, உள்ளே இருந்த டிரான்சிஸ்டர்கள் போலியானவை என்று தெரிந்தது. ஆகவே இம்முறை, தென்காசியில் ரேடியோ பழுது பார்க்கும் என் மச்சானைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன்.

கடையநல்லூரில் நாங்கள் சென்ற வீட்டில் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் இருந்தார். பிளாஸ்டிக் உறையால் சுற்றப்பட்ட சான்சுயி ஒன்றைக் காட்டினார். அவருடைய கணவர், காலஞ்சென்றவர், சிங்கப்பூர்ச் சுங்கை சாலைப் பழம்பொருள் சந்தையில் வாங்கியதாம். பல்லாண்டுகள் பெயர் பெற்று விளங்கிய அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் நாள் மூடப்பட்டுவிட்டது.

நாங்கள் உட்காரும் முன்பே அம்மையார் சொன்னார்: "தம்பி, இதில் இடது பக்கம் சில நேரம் சத்தம் வராது. குமிழைத் திருகினால் கரகரவென்று வரும். மூன்று சாரல் காலம் மூடியே கிடந்தது. பிள்ளைகளின் வாப்பா இருந்தவரைக்கும் வாரம் ஒருநாள் போட்டுக் கேட்பார்கள். ஆறாயிரம் தந்தால் போதும்."

என் மச்சான் சோதித்த முறையை உங்களுக்குச் சொல்கிறேன். நாளை உங்களுக்கும் பயன்படும். முதலில் பின்புறத்தில் மின்னழுத்தக் குறிப்பைப் பார்த்தார். சிங்கப்பூரிலும் நம் நாட்டிலும் 230 வோல்ட்; தொல்லை இல்லை. ஜப்பானிலேயே பயன்படுத்தச் செய்தவை 100 வோல்ட்டுக்கானவை. சவூதியில் நெடுங்காலம் வீடுகளுக்கு 127 வோல்ட் மின்சாரமும் வந்தது. அத்தகைய கருவியை மாற்றி அமைக்காமல் நம் வீட்டில் செருகினால் அது கருகிவிடும்.

அடுத்து, 100 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து அதன் வழியே மின்சாரம் கொடுத்தார். பல்பு ஒருகணம் எரிந்து மங்கியது, நல்ல அறிகுறி. மங்காமல் பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று பொருள். பின்னர் நேரடியாக மின்சாரம் கொடுத்தார். சில வினாடிகளில் "டிக்" என்று ரிலே விழும் ஓசை கேட்டது. ஸ்பீக்கரை இணைக்காமல், அதன் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து நேர்மின்னழுத்தத்தை அளந்தார். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. வோல்ட் கணக்கில் இருந்தால் ஸ்பீக்கரின் சுருளே எரிந்துபோகும். முள் 20ஐத் தாண்டவில்லை. அதன் பிறகே ஸ்பீக்கரைப் பொருத்தி ஒருமணி நேரம் பாடவிட்டார். இரு பக்கமும் சேர்ந்து "ம்ம்" என்று இரைந்தால் மின்தேக்கிகள் முதுமை அடைந்துவிட்டன என்று அறியலாம். இதில் அந்த இரைச்சல் இல்லை. அம்மையார் சொன்ன குறை மட்டுமே இருந்தது. சாரலின் ஈரம் குமிழின் உள்ளேயும் ரிலேயின் முனைகளிலும் களிம்பை ஏற்றியிருந்தது.

ஒன்றை மறவாதீர்கள்: இணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம். 1000 வாட் பி.எம்.பி.ஓ. என்று ஒட்டியிருக்கும் தாளையும் நம்ப வேண்டாம். 1978இல் வெளிவந்த என்.ஏ.டி. 3020 என்னும் கருவி, பக்கத்துக்கு 20 வாட் என்றே தன்னைச் சொல்லிக்கொண்டது. உலகெங்கும் நற்பெயர் பெற்றது.

முற்றத்துக்கு வந்ததும் மச்சான் என் காதருகே சொன்னார்: "மச்சான், சரிசெய்தால் இருபதாயிரத்துக்குக் குறையாது. மாமிக்கு விலை தெரியவில்லை."

வாசகர்களே, அக்கணத்தில் என் மனம் தடுமாறியது என்பதை மறைக்க மாட்டேன். அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டபோது, விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் விற்பவர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அண்ணலார் கேட்டார்கள். பெருநகரக் கடைக்காரர் ஈரத்தை உள்ளே வைத்து விற்றார். இந்த அம்மையாரோ, சாரலின் ஈரத்தை எல்லாவற்றுக்கும் முன்பாக எடுத்து வைத்தார். தம் பொருளின் குறையை அவர் மறைக்காதபோது, அதன் மதிப்பை நான் மறைப்பது எவ்வகையில் நியாயம்?

உள்ளே சென்று உண்மையைச் சொன்னேன். அம்மையார் சிறிது நேரம் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழுது பார்க்க உங்களுக்குச் செலவிருக்கிறதே, தம்பி. அதைக் கழித்துக்கொண்டு கொடுங்கள்" என்றார். மச்சான் கணக்கிட்டார். பதினைந்தாயிரம் என்று முடிந்தது. விற்றவருக்கும் மனக்குறை இல்லை, வாங்கியவருக்கும் இல்லை.

மாலையில் தென்காசி வழியே குற்றாலம் சென்று பழைய குற்றாலத்தில் குளித்தேன். கருவி மச்சானின் கடையில், உலர்ந்த மேசை மீது இருந்தது. இரண்டு நாட்களில் ரிலேயை மாற்றி, குமிழைச் சுத்தம் செய்து கொடுத்தார். இன்று என் வீட்டில் மஃரிபுக்குப் பின்னர் அது ஒலிக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கக்கூடும். விற்பதாயின் முதலில் அதன் மதிப்பை விவரம் அறிந்தவரிடம் கேட்டறியுங்கள். அதன் குறைகளை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது மார்க்கச் சட்டம். வைத்துக்கொள்வதாயின் பிளாஸ்டிக் உறையில் மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பருத்தித் துணியால் மூடி, வாரம் ஒருமுறையேனும் துணியை நீக்கிவிட்டு ஒருமணி நேரம் பாடவிடுங்கள். அந்தச் சூடே ஈரத்தைப் போக்கும்.