ஜூலையில் பிறக்கும் வருஷம்

சித்திரையில் ஒரு வருஷம் பிறக்கிறது. எங்கள் பக்கம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தின் மிச்சமாக ஆவணியில் இன்னொன்று. ஜனவரி ஒன்று எல்லோருக்கும் பொது. இவை தவிர எங்கள் அருமனைப் பக்கத்தில் நாலாவதாகவும் ஒரு வருஷம் உண்டு: சேவைச் சங்கக்காரர்களின் வருஷம். லயன்ஸ் ஆனாலும் ரோட்டரி ஆனாலும் அது ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். புதிய தலைவர் மாலை வாங்கும்போது மண்டபத்து ஓட்டின் மேல் இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருக்கும்.

ரப்பரை நம்பிய ஊரில் இது லேசான விஷயமல்ல. மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டாத தோட்டங்களில் அந்நேரம் பால்வெட்டு நின்றிருக்கும். வெட்டு இல்லாத வீட்டுப் படியில் ரசீதுப் புத்தகத்தோடு ஏறக் கூடாது என்பது இங்கே காசு பிரிக்கிறவர்களின் முதல் பாடம். பனி இறங்கும் மார்கழியில் பால் நன்றாக வடியும், ஷீட் கடைக்குப் போகும். அப்போதுதான் கேரல் பாட்டோடு உண்டியலும் வீடு வீடாக வரும். மாசியில் இலையுதிர்த்த மரம் ஓய்வெடுத்தால் வசூலும் ஓய்வெடுக்கும். சிகாகோவில் பிறந்த சங்கங்களின் ஆண்டுக் கணக்கை எங்கள் மரங்கள் தங்களுக்கேற்ப வளைத்துக்கொண்டன.

அந்த ஜூன் 30-க்கு இன்னொரு பெருமை உண்டு. 1925-ல் அதே நாளில், ஒஹாயோவில் கூடிய லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். கண்ணும் காதும் இல்லாத அந்தப் பெண் தமக்கென்று எதுவும் கேட்கவில்லை. பார்வையற்றோரின் காரியத்தை நீங்கள் எடுத்து நடத்துங்கள் என்று, எதிரே உட்கார்ந்திருந்த வியாபாரிகளைக் கேட்டார். இன்று மார்த்தாண்டம் சாலையில் கண் சிகிச்சை முகாமுக்குத் தட்டி கட்டுகிற வாலிபர் அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கொடுப்பதைவிடக் கேட்பதுதான் பெரிய தொண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இலவச அறுவை என்று அறிவித்தால் ஜனம் தானாக வரும் என்றுதான் யாரும் நினைப்போம். அது போதவில்லை. பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வருகிறவரின் கூலி, எல்லாம் குறுக்கே நின்றன. அதனால்தான் உள்ளூர்ச் சங்கம் இடம் பிடித்து விளம்பரம் செய்ய, மருத்துவமனை டாக்டர்களை அனுப்பிச் சோதித்து, புரை முற்றியவர்களை வண்டியில் கொண்டுபோய் அறுவை செய்து, சோறும் போட்டுத் திருப்பிக் கொண்டுவிடுகிற முறை வேரூன்றியது.

அப்படியும் வராதவர்கள் உண்டு. ஒரு முகாமுக்கு முந்தின நாள் சங்கத்துத் தம்பி ஒருவரோடு நானும் போனேன். முற்றத்தில் நல்லமிளகு உலர்த்திக்கொண்டிருந்த பாட்டி தலையைத் திருப்பாமலே சொன்னார்: “எனக்க ஒரு கண்ணு தெரியுதுல்லா மக்களே, அது போதும்.” கொஞ்ச நேரம் பேசிய பிறகுதான் உண்மை வந்தது. “நான் போனா ஆட்டுக்கு ஆரு குழை ஒடிச்சுப் போடுவா?”

“நான் போடுதேன் பாட்டி. நீங்க வண்டியில ஏறுங்க.”

அவர் திரும்பி வரும்வரை இரு வேளையும் பிலாக்குழை ஒடித்துப் போட்டார் தம்பி. ஆண்டறிக்கையில் முகாமுக்கு வந்தோர் தொகை இருக்கிறது; குழை ஒடித்தவர் இல்லை.

இந்தப் பக்குவம் எங்கள் ஆட்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், நான் அறுப்பின் பண்டிகை ஏலத்தில்தான் போய் நிற்கிறேன். மரச்சீனி, சேனை, மட்டிக்குலை, சக்கை, காலைக் கட்டிய சேவல் என்று ஆலயத்து முற்றம் நிறைந்திருக்கும். ஏலம் கூறியவர் ஒரு வாத்தியார். எந்த வீட்டில் எவ்வளவு வெட்டு மரம், யாருக்குப் போன மாதம் ஆஸ்பத்திரிச் செலவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வயதான அம்மா ஒருவர் ஒற்றை முட்டையைக் காணிக்கையாக வைத்திருந்தார். வாத்தியார் அதை உள்ளங்கையில் ஏந்தி வசதியுள்ளவர்கள் இருந்த பக்கமாகவே நடந்தார். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு முட்டையைத் திரும்ப ஏலத்துக்கே விட்டார், அடுத்தவரும் அப்படியே. கடைசியில் அந்த ஒரு முட்டை ஒரு குலையின் விலைக்கு மேல் போயிற்று. அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு சேவல் வந்தது. பால்வெட்டுக்காரர் ஒருவர் பக்தி மேலிட்டு விலையை ஏற்றிக்கொண்டே போனார். அவர் வீட்டு நிலைமை ஊருக்கே தெரியும். வாத்தியார் குரலை உயர்த்தவில்லை. பால்வெட்டுக்காரர் அடுத்த தொகையைச் சொல்ல வாயெடுக்குமுன் “ரெண்டு தரம், மூணு தரம்” என்று போட்டிக்குக் கேட்டவர் பேருக்கு முடித்தார். உடனே ஒரு கட்டு முருங்கைக்காயை எடுத்து, சின்ன விலைக்கு, பால்வெட்டுக்காரரின் பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி அவருக்கே விட்டார். நோட்டில் குறித்துக்கொண்டார், காசு மார்கழியில் தந்தால் போதும். அவருடைய ஆசையும் நிறைவேறியது, வீட்டு அடுப்பும் அணையவில்லை. இரக்கத்தோடு காசு கேட்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அந்த வாத்தியார் வருஷந்தோறும் அதே முற்றத்தில் நின்றார். சங்கத்தில் தலைவரும் செயலாளரும் பெரும்பாலும் ஆண்டுக்கொருமுறை மாறுகிறார்கள். பலருக்கும் வாய்ப்புக் கிடைப்பது நல்லதுதான். ஆனால் எந்த வீட்டில் எதற்காக மறுத்தார்கள் என்ற அறிவு பழைய செயலாளரோடு போய்விடுகிறது. கணக்குப் புத்தகமும் மணியும் சுத்தியலும் கைமாறும்போது இன்னொரு தாளும் கைமாற வேண்டும் என்று சங்கத்து நண்பர்களிடம் விடாமல் சொல்லிவருகிறேன். முகாமுக்கு வர மறுத்தவரின் பெயர், வீட்டுக்குப் போகும் வழி, சொன்ன காரணம், இவ்வளவும் அதில் இருந்தால் போதும். பயம் என்று சொன்னவர் வீட்டுக்கு, ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிப் போகலாம். பேத்தியின் பிரசவம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டவருக்கு இப்போது கொள்ளுப்பேரன் தவழ்கிறான். இந்த முறை போய்க் கேட்டால் வருவார்.