கோர்ட்டுக் காகிதமும் ஒரு ஜோடி ஷூவும்

போன வருஷம் மாசி மாசம், களத்துல மஞ்சள் வேகவைச்சுக்கிட்டு இருந்தோம். சாயங்காலம் ஏழு மணி இருக்கும். இங்கிலாந்துல இருந்து மகள் கூப்பிட்டா. அங்க அப்ப மத்தியானம், வேலை நேரம். அந்த நேரத்துல கூப்பிடற வழக்கமே இல்ல.

"அப்பா, கோர்ட்டுல இருந்து லெட்டர் வந்திருக்குங்கப்பா. எம்பேர்ல கேஸ் போட்டிருக்காங்க."

எனக்குக் கை கால் ஓடல. பாய்லர்காரரைப் பார்த்துக்கச் சொல்லிட்டு, தென்னமரத்தடிக்குப் போய்க் கேட்டேன். கார் நிறுத்துன கேஸாம். அதுலயும், அந்தக் காரை அன்னைக்கு அங்க கொண்டுபோனதே என்னால!

விஷயம் இதுதான். அதுக்கு முந்தின சித்திரையில நானும் வீட்டுக்காரியும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். குளிருக்கு ஷூ வேணும்னு ஒரு கடை வளாகத்துக்குக் கூட்டிட்டுப் போனா. நாலஞ்சு பெரிய கடைங்க, நடுவுல கார் நிறுத்தற இடம். ரெண்டு மணி நேரம் இலவசம்னு போர்டு. ஷூவும் ஒரு அரிசி மூட்டையும் வாங்கிட்டு, முக்கால் மணி நேரத்துல வீட்டுக்கு வந்துட்டோம். வீட்டுல போட்டு நடந்தா ஷூ கடிக்குது. ஆயுசு பூரா வெறுங்காலுல வரப்புல நடந்தவனுக்கு அளவு எங்க தெரியுது? சாயங்காலம் மறுபடி போய் மாத்திட்டு வந்தோம். அவ்வளவுதான்.

அங்க காசு வாங்க ஆள் கிடையாது. வாசல்ல கேமரா, வர்ற போற வண்டி நம்பரைப் படம் பிடிச்சு நேரத்தைக் குறிச்சுக்கும். அந்தக் கேமரா காலையில நாங்க உள்ள போனதையும் சாயங்காலம் வெளிய வந்ததையும் மட்டும் கணக்குல எடுத்துக்கிச்சு. நடுவுல வெளிய போனதும், திரும்ப உள்ள வந்ததும் கணக்குலயே வரல. 10.14-க்கு உள்ள, 4.40-க்கு வெளிய. ஆறு மணி நேரம் இருபத்தாறு நிமிஷம் நிறுத்துனதா 100 பவுண்டு கேட்டு நோட்டீஸ் வந்துச்சு. 14 நாளுக்குள்ள கட்டுனா 60.

அப்பவே பதில் போட்டிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். மாப்பிள்ளை கூட வேலை செய்யறவங்க, "அது கவர்ன்மென்ட் அபராதம் இல்ல, தனியார் கம்பெனி. லெட்டரா போடுவான், கண்டுக்காத"ன்னு சொல்லியிருக்காங்க. இவரும் கவரைப் பிரிக்காமலே டிராயர்ல போட்டுட்டார்.

அந்த யோசனை முழுசா பொய்யும் இல்ல, ஆனா பழசு. ரோட்டுல தப்பா நிறுத்துனா நகராட்சி போடறது அபராதம். தனியார் இடத்துல வர்றது அபராதம் இல்ல. போர்டுல எழுதியிருக்கற நிபந்தனையை ஒத்துக்கிட்டுத்தான் வண்டியை நிறுத்துனீங்க, அந்த ஒப்பந்தத்தை மீறிட்டீங்கன்னு கேக்கற காசு. ரெண்டையும் பி.சி.என்.னு சுருக்கிச் சொல்றதால பாதிப் பேருக்குக் குழப்பம். முன்னெல்லாம் வண்டியை ஓட்டுனது யாருன்னு கம்பெனிக்குத் தெரியலன்னா கேக்கறது கஷ்டம். 2012-ல வந்த சட்டம், தனியார் இடத்துல சக்கரத்துக்குப் பூட்டுப் போடறதைத் தடுத்துச்சு. அதே சட்டம், நோட்டீஸை முறைப்படி அனுப்பியிருந்தா வண்டி யார் பேர்ல பதிவாயிருக்கோ அவங்ககிட்டயே காசு கேக்கலாம்னும் வழி விட்டுச்சு. 2015-ல செம்ஸ்ஃபோர்டுல ஒருத்தர் ரெண்டு மணி நேர இலவச இடத்துல 56 நிமிஷம் கூடுதலா நிறுத்துன கேஸு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 85 பவுண்டு கேட்டது செல்லும்னு தீர்ப்பாச்சு. அதுக்கப்புறம் 'கண்டுக்காதே'ங்கற பேச்சு எடுபடாது.

டிராயர்ல கெடந்த கவருங்க சும்மா கெடக்கல, குட்டி போட்டுக்கிட்டு இருந்துச்சு. 100 பவுண்டு, வசூல் செலவுன்னு 70 சேர்ந்து 170 ஆச்சு. கோர்ட்டுக் கட்டணம் 35, வக்கீல் செலவு 50 சேர்ந்து 255. அதுக்கு மேல வட்டி. நம்ம காசுக்கு 27,000 ரூபாய்க்குக் குறையாது.

என் வாயில முதல்ல வந்தது, "கட்டித் தொலைச்சிரு கண்ணு, கோர்ட்டு வாசப்படியே நமக்கு வேண்டாம்"ங்கறதுதான்.

சொல்லிட்டேனே ஒழிய, அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. எங்க அப்பாரு ஞாபகம் வந்துச்சு. நான் மூணாங்கிளாஸ் படிக்கிறப்ப, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டிப்பாதைக்காக எங்க மேல கேஸ் போட்டார். சம்மன் எடுத்துக்கிட்டு அமீனா வந்தா அப்பாரு கரும்புக் காட்டுக்குள்ள போய் உக்காந்துக்குவார். கையெழுத்துப் போடலைன்னா கேஸே இல்லைன்னு நெனச்சுக்கிட்டார். அமீனா கதவுல ஒட்டிட்டுப் போயிட்டார். வாய்தாவுக்கு எங்க பக்கம் ஆளே இல்ல. எக்ஸ்பார்ட்டி ஆயிருச்சு. மூணு தலைமுறையா வண்டி போன தடம் போச்சு. இன்னைக்கும் எங்க டிராக்டர் வாய்க்கால் மேட்டைச் சுத்தித்தான் வருது. நியாயம் எங்க பக்கம் இருந்துச்சு, அதைச் சொல்றதுக்குத்தான் ஆள் போகல.

விடியக்காலையில எந்திரிச்சதும் மகளைக் கூப்பிட்டேன். "கட்டாத கண்ணு. பதில் போடு. எத்தனை நாள் கெடு இருக்குதுன்னு மொதல்ல பாரு"ன்னேன்.

பார்த்தா, கெடு ரொம்பச் சின்னது. காகிதத்துல போட்டிருக்கற தேதியில இருந்து தபாலுக்கு அஞ்சு நாள், அப்புறம் 14 நாள். அதுக்குள்ள 'கிடைச்சது, எதிர்க்கப் போறேன்'னு ஆன்லைன்ல ஒரு ஒப்புதல் போட்டா 14 நாள் 28 நாளாகும். ரெண்டும் செய்யலைன்னா, கம்பெனி கேட்டா விசாரணையே இல்லாம தீர்ப்பு ஆயிரும். நம்ம எக்ஸ்பார்ட்டியேதான். அந்தத் தீர்ப்புக் காசை ஒரு மாசத்துக்குள்ள கட்டலைன்னா ஆறு வருஷம் பேர் பதிவுல நிக்கும், வீட்டுக் கடன் கேட்டுப் போனா அதுதான் முன்னால வந்து நிக்கும். இவங்க அந்த வருஷம்தான் வீடு வாங்க அலைஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

சரி, நடுவுல வெளிய போனோம்னு நிரூபிக்கறது எப்படி? கடை ரசீது ரெண்டு இருந்துச்சு. ஆனா ஒரே நாள்ல ரெண்டு தடவை பொருள் வாங்குனதைத்தான் அது காட்டும், நடுவுல வெளிய போனதைக் காட்டாது. மகள் திடீர்னு கேட்டா: "அப்பா, அரிசி மூட்டையைப் போட்டோ எடுத்து ஊர் குரூப்ல போட்டீங்கல்ல?"

போட்டிருந்தேன்! 'நம்மூரு அரிசி இங்க விக்கற விலையைப் பாருங்கப்பா'ன்னு எழுதி. காரு பின்பக்கம் மூட்டையைச் சாய்ச்சு வெச்சு எடுத்தது. நம்பர் பிளேட்டு தெரியுது, பின்னால அவங்க வீட்டுக் கதவு எண்ணும் தெரியுது. வாட்ஸ்அப்ல போனதுல எடுத்த நேரம் அழிஞ்சிருமாம், போன்ல இருக்கற அசலையே மெயில்ல அனுப்புங்கன்னா. பேரன் வீடியோ கால்ல சொல்லிக் குடுக்க, அனுப்பி வெச்சேன். எடுத்த நேரம் 11.31.

மகளே உக்காந்து பதிலை எழுதுனா. ரெண்டு தடவை வந்தோம், ரெண்டு தடவையும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள வெளிய போயிட்டோம், நடுவுல இருக்கற கேமராப் பதிவைக் காட்டுங்கன்னு. நோட்டீஸைக் கண்டுக்காம விட்டதுக்குச் சாக்குப்போக்கு எதுவும் எழுதல. சின்ன தொகைக் கேஸுங்கறதால வக்கீல் வேண்டியதில்ல. தோத்தாலும் எதிராளியோட வக்கீல் செலவு பூராவும் நம்ம தலையில விழாது. இது தெரிஞ்சதும் எனக்குப் பாதி பயம் போச்சு.

அப்புறம் போன்ல சமரசப் பேச்சு, அது இப்ப கட்டாயமாம். கம்பெனிக்காரங்க 150 குடுத்தா விட்டுர்றோம்னாங்க. நானா இருந்தா குடுத்துட்டு வந்திருப்பேன். அவ, "நிறுத்தாத நேரத்துக்கு எதுக்குங்க காசு?"ன்னு சொல்லிட்டா. கேஸு அவங்க ஊர் கோர்ட்டுக்கு மாறி, கார்த்திகையில விசாரணைன்னு தேதி குடுத்தாங்க. ஐப்பசியில, விசாரணைக் கட்டணம் கட்ட வேண்டிய சமயத்துல, கேஸை வாபஸ் வாங்கிக்கறோம்னு கம்பெனியில இருந்து ஒரு பக்கக் காகிதம் வந்துச்சு. மன்னிப்பும் இல்ல, காரணமும் இல்ல.

ஜெயிச்சோம்னு சொல்ல எனக்கு வாய் வரல. எட்டு மாசம் அந்தப் புள்ள சரியாத் தூங்கல. முதல் நோட்டீஸுக்கே அந்தப் போட்டோவை வெச்சு நாலு வரி எழுதியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. நெஜமாவே கூடுதல் நேரம் நிறுத்தியிருந்தா 60 பவுண்டைக் கட்டிட்டுப் போறதுதான் மரியாதை. ரெண்டுல எதைச் செய்யறதுன்னாலும் கவரைப் பிரிச்சுப் பார்த்தாத்தானே தெரியும்.

நம்ம ஊருல இப்ப வீட்டுக்கு ஒரு புள்ள வெளிநாட்டுல இருக்குது. அதனாலதான் இவ்வளவு விவரமா எழுதுனேன். தோட்டத்துக் கேஸுன்னாலும் காரு கேஸுன்னாலும், கோர்ட்டுக்கு நம்ம நல்லவனா கெட்டவனான்னு தெரியாது. பதில் வந்துச்சா, வரலையான்னு மட்டும்தான் தெரியும்.

அந்த ஷூ இப்ப ஆசாரத்து மூலையில கெடக்குது. போட்டுக்கிட்டுக் காட்டுக்கா போக முடியும்? போன வாரம் பேசறப்பக் கேட்டேன், "டிராயர்ல பிரிக்காத கவர் ஏதாச்சும் கெடக்குதா கண்ணு?"ன்னு.

"டிராயரையே எடுத்துட்டோங்கப்பா"ன்னு சிரிக்கறா.