சாமை பிரியாணியும் வேலூர் ராத்திரியும்

வேலூரில் 'நைட் லைஃப்' என்று சொன்னால் சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். டிஸ்கோ விளக்கும் டிஜேவும் இருந்தால்தான் ராத்திரி வாழ்க்கை என்று யார் சொன்னது? கோட்டை அகழியோரம் காற்று வாங்கிவிட்டு, தள்ளுவண்டியில் கொத்து பரோட்டா தட்டும் சத்தத்தைக் கேட்டபடி நிற்பதும் ராத்திரி வாழ்க்கைதான். சி.எம்.சி. மருத்துவமனைக்கு நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வருவதால், காந்தி ரோட்டில் வங்காளத்து மீன் குழம்பும் சோறும்கூடக் கிடைக்கும். கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு உத்தரவு போட்டது. ஆனால் அது 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளுக்கு. தள்ளுவண்டி அண்ணன் கடையில் வேலை பார்ப்பது அவரும் அவர் மச்சானும்தான்!

இந்த ஊரில் ஒரே அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கிய ஐந்து நண்பர்களின் கதை இது. ஐந்து பேரும் கல்லூரிக்காரர்கள். மாதக் கடைசியில் ஐந்து பேர் பர்ஸையும் சேர்த்துக் கவிழ்த்தால் ஒரு சினிமா டிக்கெட் தேறாது. அதனால் சனிக்கிழமை பார்ட்டியை அறையிலேயே வைத்துக்கொண்டார்கள். வாரம் ஒருவன் தன் ஊர்ச் சாப்பாட்டைச் சமைக்க வேண்டும், செய்முறையை மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். சாப்பிட்டு முடித்து ஊர் சுற்றப் போக வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

மதுரைக்காரன் கறிதோசை போட்டான், பரவாயில்லை. நாகர்கோவில்காரன் தேங்காயாக அரைத்துத் தள்ளினான். அதிகம் பேசப்பட்டது ஆம்பூர்க்காரனின் பிரியாணிதான். ஆம்பூர் பிரியாணிக்கு மிளகாய்த்தூள் கூடாது. காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, விழுதாக அரைத்துப் போட வேண்டும். பாசுமதியைக் கொண்டுவந்தால் அவன் வாசலிலேயே தடுத்து நிறுத்துவான். சீரகச் சம்பாதான். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி. அரிசியைத் தனியாக முக்கால் பதம் வேகவைத்து, வடித்து, மசாலாவோடு சேர்த்து, மூடிமேல் தணல் போட்டு தம் கட்டுவார்கள். தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும். அறையில் தணலுக்கு எங்கே போவது? மூடிமேல் வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கி வைத்துச் சமாளித்தான்.

ஐந்தாவது ஆள் ஜவ்வாது மலைக்காரன். ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டிய ஒரு சின்ன ஊர். மலையாளிப் பழங்குடி. முதல் நாள் அவன் "நான் மலையாளிடா" என்றதும், "அப்போ ஓணத்துக்கு சத்யா உண்டா மச்சி?" என்று கேட்டவர்கள் இவர்கள். கேரளாவுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள் என்று அவன் விளக்க வேண்டியிருந்தது. அவன் முறை வந்தபோது ஆம்பூர்க்காரன் கேட்டான்.

"உங்க மலையில என்னடா ஸ்பெஷல்? வீட்ல என்ன சாப்பிடுவீங்க?"

"ரேஷன் அரிசிதான்டா."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. உண்மையைத்தான் சொல்லியிருந்தான்.

ஜவ்வாது மலையின் முக்கியப் பயிர் சாமை. அவன் வீட்டு நிலத்திலும் சாமைதான். ஆனால் விளைந்தது மூட்டையாகக் கட்டி வியாபாரியிடம் போய்விடும். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2008-இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011-இல் இலவசமானது. உரலில் போட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, கை காய்த்துப் போகிற சாமையைவிட, பையில் வருகிற அரிசி சுலபம். இதில் யாரைக் குறை சொல்வது? குத்துகிறவள் வீட்டுப் பெண்தானே. அவள் கைக்கு ஓய்வு கிடைத்தது. அதே சமயம், ஐ.நா. சபை 2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று அறிவித்து, நகரத்து ஹோட்டல்களில் சாமைப் பொங்கல், சாமைப் பாயசம் என்று பட்டியல் நீண்டபோது, சாமை விளைகிற வீட்டுப் பையனுக்கு அதைச் சமைக்கத் தெரியவில்லை. இது என்ன கணக்கு?

சரி, சமைத்தே ஆக வேண்டும். சாமை வாங்கியது வேலூரில் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரில். பளபள பாக்கெட். விலையைப் பார்த்து, மூட்டையை எந்த விலைக்குக் கொடுத்தோம் என்று அவன் மனசுக்குள் வகுத்துப் பார்த்தான். அம்மாவுக்குப் போன் போட்டான். அம்மாவுக்கே சரியாக நினைவில்லை. "ஆயாவைத்தான் கேக்கணும்" என்றாள். ஆயா இருக்கிற வீட்டில் சிக்னல் கிடையாது. மேட்டுக்கு ஏறி வந்தால்தான் பேச முடியும். மறுநாள் மாலை ஆயா ஏறி வந்தார்.

"அரிச்சியா கண்ணு?"

அதுதான் முதல் கேள்வி. சாமையில் பொடிக்கல் இருக்கும். தண்ணீர் ஊற்றிச் சுழற்றி, மேலே எழும்பும் தானியத்தை மட்டும் இன்னொரு பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். கல் அடியில் தங்கிவிடும். பாக்கெட்டில் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதியிருந்தாலும் அரிக்க வேண்டும். அடுத்தது தண்ணீர் அளவு. "முங்கி விரல்கணு நிக்கணும்" என்றார் ஆயா. எந்த விரல், யார் விரல் என்று மதுரைக்காரன் பக்கத்திலிருந்து கேட்டான். போனில் கேட்டுவிட்டது போல. "உன் விரல்தான் சாமி, என் விரலா அங்க வரும்?" என்று பதில் வந்தது :-)

ஆயாவுக்குச் சாமைச் சோறு தெரியும், பிரியாணி தெரியாது. ஆம்பூர்க்காரனுக்குப் பிரியாணி தெரியும், சாமை தெரியாது. இரண்டும் சேர்ந்து வந்ததுதான் இந்தச் செய்முறை. ஐந்து பேருக்கு அரை கிலோ சாமை, முக்கால் கிலோ கோழி. சாமையை அரித்து 20 நிமிடம் ஊறவைத்து, வடித்து வையுங்கள். பத்துப் பன்னிரண்டு காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய். அதில் மூன்று பெரிய வெங்காயம் சிவக்க வதங்க வேண்டும், அவசரப்படாதீர்கள். பிறகு இஞ்சி பூண்டு விழுது, மிளகாய் விழுது, புதினா, கொத்தமல்லி, மூன்று தக்காளி, அரை டம்ளர் தயிர், கடைசியில் கோழியும் உப்பும். கறி முக்கால் பதம் வெந்ததும், ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டு டம்ளர் கணக்கில் தண்ணீர் ஊற்றுங்கள். மசாலா நீர்க்க இருந்தால் மொத்தத்தில் அரை டம்ளர் குறைக்கலாம். தளதளவென்று கொதிக்கும்போது சாமையைப் போட்டு, தண்ணீர் வற்றிவரும்போது தீயைச் சிறிதாக்கி, பாத்திரத்துக்கு அடியில் தோசைக்கல்லை வைத்து மூடிவிடுங்கள். பத்து நிமிடம் தீயில், பத்து நிமிடம் அணைத்துவிட்டு. உடனே கிளறினால் களியாகிவிடும். கரண்டிக் காம்பால் லேசாக உதிர்க்க வேண்டும். முக்கியமான விஷயம், சாமை ஆறினால் விறைத்துப்போகும். சுடச்சுடக் காலி பண்ணிவிட வேண்டும். ஐந்து கல்லூரிப் பையன்கள் இருக்கிற அறையில் அது ஒரு பிரச்சினையா என்ன!

அடுத்த விடுமுறையில் ஐந்து பேரும் மலைக்குப் போனார்கள். இருட்டினால் கரடி நடமாட்டம் உண்டு என்று பயமுறுத்தி, பகலிலேயே ஏற்றிக் கூட்டிப் போனான். சாப்பிட்டு முடித்ததும் நாகர்கோவில்காரன் வழக்கம்போல, "இங்க நைட் லைஃப் எங்கடா?" என்றான். இவன் பதில் சொல்லாமல் வாசல் பல்பை அணைத்தான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வேலூரில் எண்ணிவிடக்கூடிய நட்சத்திரங்கள் இங்கே எண்ண முடியாமல் கிடந்தன.

இந்த இருட்டைத் தேடித்தான் 1960-களின் கடைசியில் விஞ்ஞானிகள் இதே மலையில் காவலூருக்கு வந்தார்கள். யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் இருப்பதை 1977-இல் உலகம் கண்டுகொண்டபோது, அந்த ராத்திரி பார்த்துக் குறித்த இடங்களில் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986-இல் வந்தது. அதற்கு வைணு பாப்புவின் பெயர். அவர்களுக்கு ராத்திரி என்பது வேலை நேரம். அடிவானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம் மட்டும் படர்ந்திருந்தது. "அது வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம்டா" என்றான் மலைக்காரன். ஆம்பூர்க்காரன் தன் ஊரை இப்படிப் பார்ப்பது முதல்முறை. நகரத்து வெளிச்சம் கூடக்கூட மங்கலான நட்சத்திரங்கள் மறைந்துபோகும். காவலூருக்கு அதுதான் தலைவலி.

ஆயா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வானத்தில் அவருக்குப் புதிதாக ஒன்றுமில்லை போலிருக்கிறது. அவருக்கு ஆம்பூர்க்காரனிடம் ஒரு வேலை இருந்தது.

"அந்த மொளகா எத்தினி போடணும், சொல்லு. மேல போடறதுக்குத் தணல் இங்க நெறைய கெடக்குது."