காட்டின் விருந்தினர்

விருந்தினரைப் போற்றுதல் வீட்டாரின் கடமை. வீட்டின் முறையறிந்து நடத்தல் விருந்தினரின் கடமை. இவ்விரண்டனுள் பின்னதைப் பலர் எளிதில் மறந்துவிடுகின்றனர். ஊரில் அதனை மறந்தால் ஒருவர் முகம் வாடும். காட்டில் மறந்தால் வாயில்லா உயிர்கள் வாடும்.

கோயம்புத்தூர் மாவட்டத்தில், பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலைத் தொடரில் டாப்ஸ்லிப் என்னும் இடம் உள்ளது. அஃது அரசுக்கு உரிய காடு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், கப்பல் கட்டுவதற்கும் இருப்புப் பாதைக்குக் குறுக்குக்கட்டைகள் அமைப்பதற்கும் இம்மலையின் தேக்கு மரங்கள் வெட்டப்பட்டன. வெட்டிய மரங்களை உச்சியிலிருந்து சரிவின் வழியே சறுக்கிவிடுவர். ‘டாப்’ என்பது உச்சி. ‘ஸ்லிப்’ என்பது சறுக்கல். காடு அழிந்த கதையை அதன் பெயரே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

1915ஆம் ஆண்டில் ஹியூகோ உட் என்னும் வன அதிகாரி அங்கு வந்தார். வெட்டிய தேக்கின் அடிமரத்தை வேரோடு பெயர்க்காமல் விட்டால் அது மீண்டும் துளிர்க்கும் என்பதை அறிந்து, அம்முறையைக் கையாண்டார். செல்லும் வழியெல்லாம் கைத்தடியால் மண்ணைத் துளைத்து, பையிலிருந்த தேக்கு விதைகளை அவர் இட்டுச் சென்றார் என்பர். 1933ஆம் ஆண்டில் மறைந்த அவருடைய கல்லறை அக்காட்டிலேயே இருக்கிறது.

மனிதர் நட்டது தேக்கு. அத்தி முதலிய பல மரங்களின் விதைகளைப் பரப்புவன பறவைகள். அவற்றுள் சிறந்தது இருவாட்சி. பழங்களை உண்டு, விதைகளைத் தொலைவில் உமிழ்ந்தும் எச்சமிட்டும் அது காட்டை வளர்க்கிறது. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை முதிய மரத்தின் பொந்தினுள் புகுந்து, சிறு பிளவொன்றை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை நாள்தோறும் பழம் கொணர்ந்து அப்பிளவின் வழியே ஊட்டும். மரத்தடியில் நின்று மக்கள் கூச்சலிட்டால் அஃது அஞ்சி விலகிப் பறக்கும். அவ்வளவு நேரமும் உள்ளே தாயும் குஞ்சும் பசித்துக் கிடக்கும்.

இக்காட்டைக் காண இன்று பலர் வருகின்றனர். வனத்துறையின் வண்டியில் செல்கின்றனர், வழிகாட்டியுடன் நடக்கின்றனர். மான்களையும் காட்டெருமைகளையும் கண்டு மகிழ்கின்றனர். இவ்வின்பம் யாவர்க்கும் உரியது. ஆயின், குரங்குக்கு இரங்கித் தின்பண்டம் எறிவது அருளன்று. அச்சுவை கண்ட குரங்கு மரத்தை விட்டுச் சாலைக்கு வந்து வண்டியில் அடிபட்டு மாளும். எறியப்படும் பிளாஸ்டிக் பையோ, உணவு என எண்ணித் தின்னும் மானின் குடலை அடைத்துக் கொல்லும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019ஆம் ஆண்டு முதல் தடை செய்துள்ளது. எனினும், அடர்ந்த காட்டில் ஒவ்வொருவர் பின்னும் காவலர் செல்ல இயலாது. அங்கே அவரவர் மனமே காவல்.

அடங்கி நிற்பவர்க்கே காடு தன்னைக் காட்டுகிறது. பேச்சு ஓய்ந்த சிறிது நேரத்தில், மரங்களுக்கு மேலே இருவாட்சியின் பெருஞ்சிறகொலி கேட்கும். பழம் சுமந்து அது தன் பொந்தை நோக்கிச் செல்கிறது. அதற்கு வழிவிட்டு நிற்பவரே காட்டின் நல்விருந்தினர்.