மாப்பிள்ளையின் பெட்ரோல் கணக்கு

பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் பெட்ரோல் கணக்கைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் தெருவிலும் எல்லோரும் சிரித்தார்கள்.

2018 நவம்பரில் கனடாவில் வின்னிபெக் நகரத்தில் போய் இறங்கினேன். டிசம்பர் நடுவில் பேரன் பிறந்தான். கும்பகோணத்தில் மார்கழிப் பனிக்கே காதில் மஃப்ளர் கட்டிக்கொள்கிறவள் நான். அங்கேயோ ஜனவரி மாதம் காலையில் கண் விழித்தால் மைனஸ் 25, மைனஸ் 30! ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமே பனி பூத்திருக்கும்.

என் பெண் பிரசவ லீவில் இருந்தாள். கைக்கு வருவது பாதிச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். வீட்டுக் கடன் மட்டும் குறையுமா என்ன? ஒருநாள் பிரசவ லேகியம் கிளறிக்கொண்டிருக்கும்போது அடுப்படியில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, இவர் எங்கேயோ சுத்திட்டு வரார்மா. செப்டம்பர்ல மாசத்துக்கு ரெண்டு தரம் டேங்க் ரொப்பினா போதும். இப்ப மூணு தரம் ஆகுது. கேட்டா, குளிர்னு ஒரே வார்த்தை. குளிருக்கும் பெட்ரோலுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

எனக்கும் தெரியவில்லை. பச்சை உடம்புக்காரி, ராத்தூக்கம் கிடையாது, எதையாவது நினைத்து மனசைப் புண்ணாக்கிக்கொள்கிறாளே என்றுதான் கவலையாக இருந்தது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து வரவு செலவு நோட்டு எழுதுகிறவள் நான். கணக்கு இருக்கும்போது சந்தேகம் எதற்கு?

மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல பழக்கம். பெட்ரோல் பில்லின் பின்பக்கத்தில் வண்டி ஓடிய கிலோ மீட்டரை எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். செப்டம்பரில் 960 கிலோ மீட்டர், 86 லிட்டர். ஜனவரியில் நாலு வாரத்துக்கு 930 கிலோ மீட்டர், 113 லிட்டர்.

பார்த்தீர்களா? ஊர் சுற்றியிருந்தால் கிலோ மீட்டர் அல்லவா கூடியிருக்க வேண்டும்! அது குறைந்துதான் இருந்தது. 100 கிலோ மீட்டருக்கு 9 லிட்டர் குடித்த வண்டி 12 லிட்டர் குடித்திருக்கிறது. நோட்டைப் பெண்ணிடம் நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி மாப்பிள்ளைக்குப் பிடித்த வற்றல் குழம்பு வைக்கச் சொன்னாள். அதோடு அந்த விஷயம் தீர்ந்தது.

ஆனால் எனக்குத் தீரவில்லை. அந்த மூன்று லிட்டர் எங்கே போகிறது?

பக்கத்து வீட்டில் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்மணி ஒருவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். இருபது வருஷமாக அந்தக் குளிரில் வண்டி எடுக்கிற கை. குழந்தையைப் பார்க்க வந்தவரிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவர் சொன்னதை நம் சமையலறைக் கணக்கில் சொல்கிறேன்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்துபோய்க் கவிழ்த்தாலும் வராமல் நிற்குமே, இன்ஜின் ஆயிலும் அந்தக் குளிரில் அப்படித்தான் கெட்டிப்படுகிறதாம். இன்ஜினுக்குள் இருக்கிற சாமான் எல்லாம் அந்தக் குழம்பைத் தள்ளிக்கொண்டு சுற்ற வேண்டும். பெட்ரோலும் குளிரில் சரியாக ஆவியாகாது. அதனால் இன்ஜின் சூடேறும் வரைக்கும் கூடுதலாகப் பெட்ரோலைப் பீய்ச்சினால்தான் பற்றும். இது இரண்டும்தான் பெரிய செலவு. மற்றவை சில்லறை. டயரில் காற்று சுருங்கி இறங்கிவிடுகிறது. ஐந்தாறு டிகிரி குறைந்தால் ஒரு பவுண்டு அழுத்தம் போகுமாம். குளிர்ந்த காற்று கனமானது, அதைக் கிழித்துக்கொண்டு ஓட வேண்டும். பின் கண்ணாடிக்குச் சூடு, சீட்டுக்குச் சூடு என்று மின்சாரச் செலவு வேறு. குளிர் காலத்துக்கென்று கலந்து விற்கிற பெட்ரோலில் வண்டி சீக்கிரம் கிளம்பும். ஆனால் லிட்டருக்கு லிட்டர் சக்தி கொஞ்சம் குறைவு.

அமெரிக்க எரிசக்தித் துறை கணக்கே போட்டிருக்கிறது. 25 டிகிரியில் ஓடுவதைவிட மைனஸ் 7 டிகிரியில் ஊருக்குள் ஓட்டினால், அதே பெட்ரோலுக்குச் சுமார் 15 சதவீதம் குறைவான தூரம்தான் கிடைக்கும். ஐந்தாறு கிலோ மீட்டர் மட்டும் போய் நிறுத்துகிற ஓட்டத்துக்கு 24 சதவீதம் வரை குறையலாம். மைனஸ் 7க்கே இப்படி! எங்களுக்கோ மைனஸ் 25.

சின்ன ஓட்டத்துக்கு ஏன் அதிகம் தெரியுமா? தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல் காய்கிற வரைக்கும் எரிகிற காஸ் தண்டம்தான். காய்ந்த பிறகு பத்து தோசை வார்த்தால் அந்தத் தண்டம் பத்தாகப் பங்கு போடப்படும். ஒரு தோசை வார்த்து, அடுப்பை அணைத்து, கல் ஆறிய பிறகு மறுபடி பற்றவைத்து இன்னொரு தோசை வார்த்தால்? எங்கள் வீட்டில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. குழந்தைக்கு டயப்பர் வாங்க ஒரு தரம், மருந்துக்கு ஒரு தரம், பால் தீர்ந்துவிட்டதென்று ஒரு தரம். உண்மையைச் சொல்கிறேன், நாலு கிலோ மீட்டர் தள்ளியிருந்த இந்தியக் கடைக்குக் கறிவேப்பிலைக்கு மட்டும் மாப்பிள்ளையை இரண்டு தரம் விரட்டியது நான்தான்! கறிவேப்பிலையும் பெட்ரோலும் சேர்த்தால் அந்த ரசம் என்ன விலை ஆகியிருக்குமோ.

இன்னொரு வழியிலும் போய்க்கொண்டிருந்தது. குழந்தையை டாக்டரிடம் கூட்டிப் போகிற நாள் மட்டுமில்லை, தினமும் காலையில் மாப்பிள்ளை காரை 20 நிமிஷம் ஓடவிட்டுச் சூடாக்குவார். நின்ற இடத்தில் ஓடுகிற வண்டி மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் தின்னும், குளிரில் இன்னும் கூட. கிடைக்கிற தூரமோ பூஜ்யம். கார் ஷெட் வீட்டோடு ஒட்டியது. அடுப்படிக் கதவைத் திறந்தால் ஷெட். வெளிக்கதவை முழுக்கத் திறந்தால் பனி உள்ளே அடிக்கிறதென்று அரை ஆள் உயரத்துக்கு மட்டும் திறந்து வைத்திருப்பார்.

கணக்குப் போட்ட மூன்றாம் நாள் காலை. வெளியே மைனஸ் 35. கார் ஷெட்டில் உறுமிக்கொண்டிருக்கிறது. நான் காபி கலந்துகொண்டிருந்தேன். மாடிப்படிப் பக்கம் சுவரில் இருந்த அலாரம் கத்த ஆரம்பித்தது. நான்கு தரம் பீப், ஒரு நிறுத்தம், மறுபடி நான்கு. புகை இல்லை, தீய்ந்த வாசனை இல்லை. பாட்டரி தீர்ந்திருக்கும் என்று நான் ஸ்டூலைத் தேடினேன். மாடியிலிருந்து மாப்பிள்ளை பாய்ந்து இறங்கினார்.

"அத்தை, ஸ்டூலை விடுங்க! வெளியே வாங்க, சீக்கிரம்!"

குழந்தையைக் கம்பளியில் சுருட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினோம். என் காலில் செருப்புக்கூட இல்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து கருவியை வைத்துப் பார்த்தார்கள். கார்பன் மோனாக்ஸைடு. வண்டிப் புகையில் இருக்கிற விஷ வாயு. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. அடுப்படிக் கதவு இடுக்கு வழியாக வீட்டுக்குள் வந்துகொண்டிருந்திருக்கிறது. வெளிக்கதவை முழுதாகத் திறந்து வைத்தாலும் ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிடக் கூடாது என்று அவர்கள் கண்டிப்பாகச் சொன்னார்கள். எல்லோரையும் ஆஸ்பத்திரியில் பார்த்து, பயமில்லை என்று அனுப்பினார்கள்.

எனக்கு ஒரு வாரமாகக் காலையில் தலைவலி. காபி பொடி மாறியதால் என்று நினைத்திருந்தேன். பெண்ணுக்குத் தலைசுற்றல், பிரசவ அசதி என்று லேகியத்தைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரக் குழந்தைக்குத் தலை வலிக்கிறதென்று சொல்லத் தெரியுமா? அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

பாவம், குழந்தைக்குக் குளிரக் கூடாதென்றுதான் மாப்பிள்ளை அப்படிச் செய்தார். பக்கத்து வீட்டுப் பெண்மணிதான் வழி சொன்னார். அந்த ஊர்க் கார்களுக்கு முன்பக்கம் மூக்கில் ஒரு மின்சார வயர் தொங்கும். இன்ஜினுக்குள் ஒரு ஹீட்டர், நம் வாளித் தண்ணீரில் போடுகிற ஹீட்டர் கம்பி மாதிரி. எங்கள் காரிலும் இருந்தது, சுருட்டி உள்ளே செருகி வைத்திருந்தார்கள். ராத்திரி முழுக்கப் போட்டால் மின்சாரம் வீண். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போட்டால் போதும். அதற்கு ஒரு டைமர் வாங்கி மாட்டினோம். காலையில் வயரைக் கழற்றி, வெளிக்கதவை முழுக்கத் திறந்த பிறகே ஸ்டார்ட் செய்து உடனே வெளியே எடுத்துவிடுவார். கொஞ்ச தூரம் வேகமெடுக்காமல் மெதுவாகப் போவார். நின்று ஓடுவதைவிட நகர்ந்தால்தான் இன்ஜின் சீக்கிரம் சூடாகிறது. வெளியே பனியில் நிற்கிற நாட்களில் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிவிட்டுத்தான் சாவியைத் தொடுவார்.

குழந்தைக்குத் தடிமனான கோட்டைப் போட்டுக் கார் சீட்டில் கட்டக் கூடாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டோம். பஞ்சு அமுங்கி வார் தொளதொளவென்று ஆகிவிடும். இடித்தால் குழந்தை நழுவும். மெல்லிய உடுப்பில் வாரை இறுக்கிக் கட்டி, மேலே கம்பளியைப் போர்த்த வேண்டும்.

கடைக்குப் போவது வாரம் இரண்டு நாள் என்று ஆனது. நான் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பேப்பர் ஒட்டி, வேண்டியதை எழுதி வைப்பேன். கறிவேப்பிலையை மொத்தமாக வாங்கி உருவி ஃப்ரீஸரில் போட்டேன். டயருக்கு மாதம் ஒரு தரம் காற்று. பிப்ரவரியில் குளிர் குறையவே இல்லை. ஆனால் நோட்டில் 790 கிலோ மீட்டர், 82 லிட்டர். 100க்குப் பத்தரை லிட்டர்கூட இல்லை. செப்டம்பர் கணக்குக்குத் திரும்பவில்லைதான். குளிருக்கென்று ஒரு பங்கு கொடுத்தே ஆக வேண்டும் போலிருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் நான் கிளம்பும்போது நோட்டைப் பெண் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். ஜூலையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அவள் கையெழுத்தில் 8.8 லிட்டர். கீழே மாப்பிள்ளை பேனாவால் எழுதியிருந்தார்: "அத்தை, கறிவேப்பிலை இன்னும் இருக்கு."