சொல்லாமல் விடும் பாடம்

சுகாதாரப் பாடநூலில் பருவ மாற்றம் பற்றிய பகுதி வந்ததும் வகுப்பின் நிறம் மாறிவிடும். பின்வரிசைப் பையன்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பெண்பிள்ளைகள் பர்தாவின் ஓரத்தைப் பிடித்தபடி மேசையைப் பார்ப்பார்கள். "இதை வீட்டில வாசியுங்கோ" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவது ஆசிரியருக்கு இலகு. வீட்டில் அதை யாரும் வாசிப்பதில்லை.

இதைப் பேச எங்கள் சமூகத்திடம் சொற்கள் இல்லை என்பார்கள். உண்மை அதுவல்ல. ஓதப்பள்ளியில் பிக்ஹு படிக்கத் தொடங்கினால் முதற்பாடமே சுத்தம்தான். ஹைளு ஆகக் குறைந்தது ஒரு பகலும் ஓர் இரவும், கூடியது 15 நாள், வழமையில் 6 அல்லது 7 நாள் என்று ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் கணக்குச் சொல்கின்றன. உறக்கத்தில் பெண்ணுக்கும் அப்படி ஏற்பட்டால் குளிப்புக் கடமையா என்று உம்மு சுலைம் (ரலி) அவர்கள் நபியவர்களிடமே கேட்டார்கள். மார்க்கத்தை அறிய வெட்கம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள். இந்த மரபிலே வந்த நாம்தான், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முன்னால் வாயை மூடிக்கொள்கிறோம்.

மௌனத்தின் விலையை நான் முதலில் கண்டது புத்தளத்து அகதி முகாமிலே. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவிலிருந்து போன சிறுவர்களில் நானும் ஒருவன். ஓலைக் குடிசை, நடுவில் ஒரு சேலைத் திரை, பல குடும்பங்களுக்கு ஒரு கிணறு, வரிசையில் நின்று போகும் மலசலகூடம். அங்கே பெரியபிள்ளையான அக்காமார் ஒவ்வொருவராகப் பாடசாலைக்கு வராமல் போனார்கள். ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்து நாங்கள் கேள்விப்பட்டது அவர்களின் கலியாணத்தைத்தான். பாலிகாவது தொழுகையும் நோன்பும் கடமையாகும் வயது. படிப்பை நிறுத்தும் வயது என்று எந்தக் கிதாபில் இருக்கிறது?

2009இன் பின் ஊர் திரும்பி வன்னியில் படிப்பிக்கத் தொடங்கியபோது, பிள்ளைகள் இன்னும் தனியாகவே பயந்துகொண்டிருக்கக் கண்டேன். ஆண்பிள்ளைகளின் பயத்தை ஒருவரும் கவனிப்பதேயில்லை. அவர்களுக்கு சுன்னத்துக் கலியாணம் நடக்கும். சோறு, புது உடுப்பு எல்லாம் உண்டு. ஆனால் அது சின்ன வயதிலேயே முடிந்துவிடும். உண்மையான மாற்றம் வரும் நாளில் வீட்டில் ஒரு சொல்லும் கிடையாது. குளத்தில் கூட்டாளிமாரோடு குளிப்பதைத் திடீரென நிறுத்திய ஒரு பையன், மார்பில் கட்டி வந்திருக்கிறது, புற்றுநோயாக்கும் என்று அழுதான். ஓமோன் மாற்றத்தால் பையன்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இப்படிச் சிறிது வீங்கும், பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாக வற்றிவிடும் என்றேன். அன்றைக்குப் பிறகு அவன் முகமே வேறு.

இப்போது நாங்கள் செய்வது சிறிய காரியந்தான். 6ஆம் தரத்திலேயே தொடங்குகிறோம். பெண்பிள்ளைகளில் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளில் 9 முதல் 14க்குள்ளும் மாற்றம் தொடங்குவதால், எட்டில் சொல்வது பலருக்குப் பிந்திவிடும். 2017 முதல் 6ஆம் தரப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்படுவதால், ஊசி எதற்கு என்ற கேள்வியிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம். பெண்பிள்ளைகளோடு ஓர் ஆசிரியையும் குடும்பநல உத்தியோகத்தரும் பேசுவார்கள். முதல் ஓரிரு வருடம் மாதவிடாய் நாள் தவறி வருவது இயல்பு என்று கேட்டதும் பாதிப் பயம் போய்விடும். பையன்களோடு நான். 2024இல் மாணவிகளுக்குச் சுகாதாரத் துவாய் வாங்க 1200 ரூபா வவுச்சர் வந்தது நல்ல விடயம். ஆனால் மலசலகூடக் கதவுக்குத் தாழ்ப்பாளும் உள்ளே தண்ணீரும் வேண்டும். அவையும் இந்தப் பாடத்தின் பகுதிதான்.

"சேர், தெரியாததைச் சொல்லிக் கொடுத்துப் பிள்ளைகளைக் கெடுத்துப் போடாதீங்க" என்றார் ஒரு வாப்பா. அவருடைய கவலை நேர்மையானது. ஆனால் அவர் வீட்டுக் கைத்தொலைபேசி எந்த வெட்கமுமின்றி எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று: தன் உடம்பின் உறுப்புக்குப் பெயர் தெரியாத பிள்ளையால், யாராவது தகாதபடி தொட்டால் அதை உம்மாவிடம் சொல்லவும் முடியாது. இதைக் கேட்டு அவர் பேசாமலிருந்தார். அடுத்த கூட்டத்துக்கு மனைவியையும் அழைத்து வந்தார்.

பெயர் எழுதாமல் கேள்வி போட வகுப்பில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். ஒரு றமழானில் கிடைத்த துண்டில் இப்படி இருந்தது: நோன்போடு பகலில் தூங்கும்போது அப்படி ஆகிவிட்டது, அல்லாஹ் என்னை மன்னிப்பானா?

நோன்பு முறியாது, குளித்துவிட்டுத் தொழு. தூங்குகிறவன்மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்று வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொன்னேன். இரண்டே வசனம். எத்தனை பேருக்கு அது தேவைப்பட்டிருந்தது என்பதை, அன்று யாருமே சிரிக்காததிலிருந்து விளங்கிக்கொண்டேன்.